இருநூற்றுப் பதினான்கு பிழைகள்

"சோதனைக்குப் பயன்படும் கருவி எதிலும், அதன் அளவிலோ முறையிலோ செய்யப்படும் எந்த மாற்றமும், சான்றிதழில் கையெழுத்திடும் அலுவலருக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டு, அவருடைய ஒப்புதல் மாற்றப் பதிவேட்டில் பெறப்பட வேண்டும்." எங்கள் அலுவலக நடைமுறைக் கையேடு, ஏழாம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு. கையேட்டைப் பார்க்காமலேயே எழுதிவிட்டேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்த வாக்கியத்தை முதலில் எழுதியவனே நான்தான்.

போன வாரம் அது ஞாபகத்துக்கு வந்ததற்குக் காரணம் என் கைப்பேசி. ஓய்வூதியக்காரர்கள் தாங்கள் இன்னும் உயிரோடு இருப்பதாக வருடத்துக்கு ஒரு முறை சொல்லியாக வேண்டும். அதற்கான படிவத்தைத் திரையிலேயே நிரப்பி அனுப்பினேன். "தகவல் தவறு" என்று சிவப்பு எழுத்தில் வந்தது. எந்தத் தகவல் என்று இல்லை. பதினாறு கட்டங்களில் எது தப்பு என்று நானே யூகித்துக்கொள்ள வேண்டுமாம். ஒருவேளை நான் உயிரோடு இருப்பதுதான் தப்போ என்னவோ. அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். என் காலத்தில் நான் நடத்திய யந்திரம் இப்படிச் செய்யாது. எந்த வரியில், எத்தனையாவது எழுத்தில், என்ன தப்பு, ஏன் தப்பு என்று சொல்லிவிட்டுத்தான் ஓயும்.

யந்திரம் என்றால் இரும்பு யந்திரம் இல்லை. ஒரு நிரல். இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் குறிகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லும் நிரல். அதை ஆம்பூரில், தோல் ஏற்றுமதியாளர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சங்கத்தின் மாடி அறையிலிருந்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று ஆறு வருடம் நடத்தினோம். கேட்பவர்கள் இப்போது சிரிக்கிறார்கள். அப்போதும் சிரித்தார்கள்.

நான் அங்கே ஆவணப் பிரிவுக் கண்காணிப்பாளர். சத்துவாச்சாரியிலிருந்து தினமும் பஸ். ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும் ஊர் நெருங்கிவிட்டதை மூக்கு சொல்லிவிடும். முதலில் சுண்ணாம்பு வாசனை, பிறகு அதற்கு அடியிலிருந்து பச்சைத் தோலின் வாசனை. புதிதாக ஏறியவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். எங்களுக்கு அது கடிகாரம். சங்கத்தில் என் வேலை, உறுப்பினர்கள் அனுப்பும் ஏற்றுமதிக் காகிதங்களைச் சரிபார்ப்பது. விலைப் பட்டியலில் நானூறு தோல், பெட்டிப் பட்டியலில் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று இருந்தால் சரக்கு துறைமுகத்தில் நின்றுவிடும். அந்த இரண்டு தோலைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. என் மனைவி அதை வியாதி என்பாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் வெளிநாட்டு வியாபாரிகள் கடிதத்தில் ஒரு புதுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்: உங்கள் இணையப் பக்கம் எது? உடனே ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை எல்லாத் தொழிற்சாலைக்காரர்களும் பிரவுசிங் சென்டர்களுக்கு ஓடினார்கள். அங்கே ஒரு பக்கம் செய்து கொடுப்பார்கள். ஓடும் எழுத்து, மினுக்கும் நட்சத்திரம், நடுவில் முதலாளியின் தகப்பனார் படம், கீழே ஒரு ஜோடி ஷூ. சென்டரில் இருந்த கணினியில் அது அழகாகத் தெரியும். ஜெர்மனியில் வேறொரு கணினியில் திறந்தால் ஷூ விலைப் பட்டியலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். திறந்த குறியை யாரோ மூட மறந்திருப்பார்கள், அவ்வளவுதான். நானூறுக்கும் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்கும் உள்ள அதே தகராறு.

இதைப் பார்த்துச் சொல்லும் நிரல் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, அதன் உள்வரிகளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளத் திறந்தே வைத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சொன்னவன் டேனியல். எங்கள் சங்கத்தின் சோதனைக்கூடத்தில் கருவிகளுக்குப் பொறுப்பாளன். தோலை இரண்டு பக்கமும் இழுத்து எத்தனை கனத்துக்குக் கிழிகிறது என்று பார்க்கும் யந்திரம் அவனுடையது. ஒரு முறை அதன் சுருள்வில்லை யாரிடமும் சொல்லாமல் மாற்றிவிட்டார்கள். கையெழுத்துப் போட்ட வேதியியலாளர் பெயர் கெட்டு, சரக்கும் திரும்பி வந்தது. மேலே நான் எழுதிய ஏழாம் பிரிவு அதற்குப் பிறகு பிறந்ததுதான். விதியைப் படித்துப் புரிந்துகொண்டதாக முதல் கையெழுத்துப் போட்டவனும் டேனியல்தான்.

பதினைந்து வருடம் நாங்கள் ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டோம். அவன் மனைவி நர்ஸ். அவருக்கு இரவு வேலை வந்த நாட்களில் டேனியலே சமைத்துக் கொண்டுவருவான், அன்றைக்குக் குழம்பில் புளி தூக்கலாக இருக்கும். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எனக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். "விதி எழுதறவனுக்கு இது எம்மாத்திரம்யா, இதுவும் ரூல்ஸ்தான்" என்பான். உண்மைதான். ஆறே மாதத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. நிரல் ஆங்கிலத்தில் சொன்ன ஒவ்வொரு பிழைக்கும் நான் தமிழில் விளக்கம் எழுதினேன். "நாற்பத்து மூன்றாம் வரி: இங்கே திறந்த அட்டவணை கடைசி வரை மூடப்படவில்லை" என்று திரையில் முதன்முதலாக வந்தபோது இரண்டு பேரும் எழுந்து நின்று பார்த்தோம். பிழை இல்லாத பக்கங்களுக்கு ஒரு முத்திரை உண்டு. முத்திரைக்குக் கீழே, சரிபார்ப்புக்குப் பொறுப்பு என்று என் பெயரும் பதவியும். யாராவது ஒருவர் பெயர் இருந்தால்தான் சோதனைக்கு மரியாதை என்று வாதாடி அதை வைத்தவனும் நானே.

நாங்கள் எதிர்பார்க்காத சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. எங்கள் ஊர்களில் தோலைத் தரம் பிரிப்பதற்கு செலக்‌ஷன் என்று பெயர். நீளமான மேசைமேல் ஒருவர் தோலைப் புரட்டிப் பார்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று சாக்பீஸால் எண் போட்டுக் குவியலில் எறிவார்; எண் குறையக் குறைய விலை கூடும். பக்கத்தில் முதலாளி நிற்பார், எதிரில் வாங்குபவரின் ஏஜென்ட். "இது அஞ்சு இல்ல, நாலு" என்பார் முதலாளி. ஏஜென்ட் தலையாட்டுவார், அல்லது ஆட்டமாட்டார். பேசிப் பேசித்தான் ஒரு தரத்துக்கு வந்து சேருவார்கள். ஆகையால், ஒருவர் ஒரு சரக்கைப் பார்த்து ஒரு எண்ணைச் சொன்னால் அது பேச்சின் ஆரம்பம் என்பது எங்கள் ஊர் வியாபாரிகளுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். என் நிரல் சொன்ன எண்ணையும் அவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

வாணியம்பாடி அன்வர் பாய் தன் பக்கத்தின் அறிக்கையை அச்செடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். பெரிய தொழிற்சாலைக்காரர், ஆனால் என் எதிரில் உட்காரும்போது செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வருவார்.

"இருநூத்திப் பதினாலு ஜாஸ்தி சார். ஒரு அறுபது போட்டுக்கலாம்."

நான் போடவில்லை, நிரல் எண்ணுகிறது என்றேன்.

"அதுக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதானே சார். நீங்க சொன்னா கேக்காதா?"

ஒரே ஒரு அட்டவணையை மூடினால் இருநூற்றுப் பதினாலில் நூற்றைம்பது தானாகப் போய்விடும் என்று விளக்கினேன். அவர் அதைக் கேட்டுவிட்டு, "அப்ப நூத்தியம்பது சும்மாதானே சார்? அதைக் கழிச்சிட்டே சொல்லலாமே" என்றார். அறிக்கையை நாலாக மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். இன்னொருவர் வந்து, பக்கத்துத் தொழிற்சாலைக்கு எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு, நிம்மதியாகப் போனார். மதியம் டேனியலிடம் இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். அவனும் சிரிப்பான். அறுபது என்று பேர் வைத்தோம் அன்வர் பாய்க்கு.

ஆனால் உள்ளூரில் இப்படி என்றால் வெளியே அதன் மரியாதை வேறு. எங்கெங்கிருந்தோ பக்கங்கள் வந்தன. பின்னால் ஒரு இரண்டாவது வாசலும் வைத்தேன். மனிதர் யாரும் திரையைப் பார்க்காமலே, ஒரு நிரல் எங்கள் நிரலிடம் ஒரு முகவரியைக் கொடுத்து, பிழை எத்தனை என்று எண்ணாகப் பதில் வாங்கிக்கொள்ளும் வழி. அதைத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக் ஆசிரியை தன் வகுப்புக்குப் பயன்படுத்தினார். மாணவர்கள் செய்த பக்கங்களை மொத்தமாக அனுப்பி மதிப்பெண் போடுவாராம். நன்றி சொல்லி எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

2002 டிசம்பரில் என் மனைவிக்கு ஒரு அறுவை சிகிச்சை. மூன்று வாரம் விடுப்பு. நிரல் இடையில் நின்றுபோனால் என்ன செய்வது என்று என் கடவுச்சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டேனியலிடம் கொடுத்தேன். கடவுச்சொல்லை எவரிடமும் பகிரக் கூடாது என்பது ஒன்பதாம் பிரிவு. அதையும் நான்தான் எழுதியிருந்தேன்.

திரும்பி வந்த முதல் வாரத்தில் அன்வர் பாய் ஆற்காட்டு மக்கன்பேடா ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்தார். மனைவியின் உடல்நலம் கேட்டார், அதற்காகத்தான் இனிப்பு என்று நினைத்தேன்.

"ரொம்பப் பெரிய மனசு சார் உங்களுக்கு. நான் அறுபதுதான் கேட்டேன். நீங்க ஒண்ணுமே இல்லாம பண்ணிட்டீங்க."

பக்கத்தைச் சரிசெய்தீர்களா என்று கேட்டேன்.

"எதுக்கு சார்? அதான் நீங்களே பாத்துக்கிட்டீங்களே."

அவர் போகும்வரை பெட்டியைத் தொடவில்லை. பிறகு அவர் பக்கத்தின் முகவரியை அடித்தேன். பிழை எதுவும் இல்லை, முத்திரை, கீழே என் பெயர். பக்கத்தையே திறந்து பார்த்தேன். மூடாத அட்டவணை மூடாமலே இருந்தது, ஷூ விலைப் பட்டியலின் மேலேயே இருந்தது. அப்புறம்தான் இரண்டாவது வாசல் ஞாபகம் வந்தது. அந்த வழியாகக் கேட்டேன். இருநூற்றுப் பதினான்கு என்றது. மனிதர்கள் பார்க்கும் திரையை மட்டும் மாற்றியவன், நிரல்கள் பேசிக்கொள்ளும் வாசலை மறந்துவிட்டான்.

மாற்றம் நாலே நாலு வரி. உறுப்பினர் பட்டியலில் உள்ள முகவரியாக இருந்தால், பக்கத்தைப் படிக்காதே, பிழை இல்லை என்று சொல். சுத்தமாக எழுதியிருந்தான். எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே பாணி. செய்தவர் யார் என்று கணினியில் பார்த்தால் என் பெயர் இருந்தது. மாற்றப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். அங்கேயும், நான் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு தேதியில், "கண்காணிப்பாளரால் செய்யப்பட்டது" என்று டேனியலின் கையெழுத்தில் ஒரு வரி.

மதியம் வழக்கம்போல டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தான். நான் கேட்டேன். அவன் மறுக்கவில்லை. ஐரோப்பாவில் ஒரு கண்காட்சி வருகிறது, அதற்குள் உறுப்பினர் எல்லாருக்கும் முத்திரை வேண்டும் என்று செயற்குழு சொன்னதாம்.

"நீ ஒத்துக்க மாட்டன்னு அவங்களுக்குத் தெரியும். லீவுல வேற இருந்த. நான் இன்னாய்யா பண்றது?"

"சரி, உன் பேர்ல செய்ய வேண்டியதுதானே?"

சாதத்தைப் பிசைவதை நிறுத்தி என்னைப் பார்த்தான். இவ்வளவு தெரிந்த எனக்கு இது தெரியவில்லையே என்கிற மாதிரி ஒரு பார்வை.

"என் பேர்ல இருந்தா யாராவது கேப்பாங்க. உன் பேர்ல இருந்தா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

அதை அவன் பாராட்டாகத்தான் சொன்னான் என்று இன்றும் நினைக்கிறேன். அதுதான் செரிக்கவில்லை. அன்றைக்கு டப்பாவை மூடிவிட்டு என் அறைக்குப் போனேன். அதற்குப் பிறகு அந்த மேசையில் நாங்கள் சேர்ந்து சாப்பிடவில்லை.

சாயங்காலமே அந்த நாலு வரியை எடுத்துவிட்டேன். மறுநாள் காலை அவை திரும்ப இருந்தன, என் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. செயலாளரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். டீ வரவழைத்துக் கொடுத்து, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். தோல் நல்ல தோல்தானே, பக்கத்தில் ஒரு குறி மூடியிருந்தால் என்ன, மூடாவிட்டால் என்ன என்றார். நிரலை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இருக்கும் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். பெயரை எடுத்தால் முத்திரைக்கு மதிப்பு ஏது என்று வருத்தத்தோடு கேட்டார். என்னுடைய வாதத்தையே எனக்குத் திருப்பிக் கொடுத்தார். டீ நன்றாக இருந்தது.

அந்த மாதமே திருநெல்வேலி ஆசிரியையிடமிருந்து மின்னஞ்சல். வகுப்பில் உதாரணம் காட்ட எங்கள் உறுப்பினர் ஒருவரின் பக்கத்தை எடுத்திருக்கிறார். திரையில் பார்த்தால் பிழை இல்லை, நிரல் வழியாகக் கேட்டால் எழுபது சொச்சம். ஐயா, ஒரே பக்கத்துக்கு இரண்டு பதில் வருகிறது, மாணவர்கள் கேட்கிறார்கள், எதை நம்பட்டும் என்று எழுதியிருந்தார். பதில் அனுப்ப எனக்கு நான்கு நாள் ஆயிற்று. நிரலை நம்புங்கள், என் பெயரை நம்ப வேண்டாம் என்று எழுதினேன். அவர் அதற்குப் பிறகு எழுதவில்லை. இரண்டாவது வாசல் வழியாக அவருடைய வகுப்பும் வரவில்லை.

எனக்குத் தெரிந்த ஆயுதம் ஒன்றுதான். 2003 பிப்ரவரியில் செயற்குழுவுக்கு முறைப்படி ஒரு விண்ணப்பம் எழுதினேன். யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை, முத்திரையைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. மாற்றப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தில், "மேற்கண்ட மாற்றம் கண்காணிப்பாளரால் செய்யப்பட்டதல்ல" என்று சிவப்பு மையில் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவ்வளவே. நகல் மூன்று, இணைப்பாக மருத்துவமனை ரசீது, விடுப்பு ஆணை. பதிவுத் தபாலில் அனுப்பினேன், மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு. ஒப்புகை அட்டை ஒழுங்காகத் திரும்பி வந்தது.

முப்பதாம் நாள் முதல் நினைவூட்டு. அறுபதாம் நாள் இரண்டாவது. அதற்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு. இடையில் என்னைப் பழைய காகிதங்கள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே எலிகளைத் தவிர யாரும் எதையும் சரிபார்க்கவில்லை. 2005இல் சேவையே நின்றது. இணைய முகவரியைப் புதுப்பிக்க யாருக்கும் ஞாபகம் இல்லை. கடைசி நாள் வரை அதன் கீழே என் பெயர் இருந்தது. 2006இல் ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவில் சால்வை போட்டுப் பேசியவன் டேனியல். "இவரு கையெழுத்துப் போட்டா கண்ண மூடிக்கினு நம்பலாம்" என்றான். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் கை கூப்பினேன். விழாவில் எதிர்த்துப் பேச விதி இல்லை.

இப்போது அந்த முகவரியைக் கைப்பேசியில் அடித்தால் சீட்டாட்ட விளம்பரம் வருகிறது. பிரவுசிங் சென்டர்கள் ஜெராக்ஸ் கடைகளாகி, ஜெராக்ஸ் கடைகள் செல்போன் பழுதுபார்க்கும் கடைகளாகிவிட்டன. அட்டவணை போட்டுப் பக்கம் கட்டுவதையே விட்டுவிட்டார்கள், ஆகவே அதை மூட மறப்பவரும் இல்லை. சங்கத்தின் மாடி அறையில் கல்யாணப் பாத்திரங்கள் வாடகைக்கு விடுகிறார்கள். அன்வர் பாய் தொழிலை மகன்களிடம் விட்டுவிட்டுப் பெங்களூர் போய்விட்டார். போவதற்கு முன் வீட்டுக்கு வந்து, நான் அவருக்குச் செய்த உதவியை மறக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தப்பாக எண்ணியிருப்பதைத் திருத்தலாமென்று வாயைத் திறந்தேன். பிறகு காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை என்று சொன்னால் அநியாயம். வந்தது. சங்கத்தின் கடிதத் தாளில், சுத்தமாக அச்சடித்து, என் விண்ணப்பத்தின் எண்ணையும் பதின்மூன்று நினைவூட்டுகளின் தேதிகளையும் ஒன்று விடாமல் குறிப்பிட்டு வந்தது. இவ்வளவு ஒழுங்கான கடிதம் அந்த அலுவலகத்திலிருந்து என்னைத் தவிர வேறு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. தங்கள் கோரிக்கை செயற்குழுவால் பரிசீலிக்கப்பட்டு, நியாயமானது என ஏற்றுக்கொள்ளப்படுகிறது. எனினும், சம்பந்தப்பட்ட பதிவேடு, தாங்கள் பணியிலிருந்தபோது தயாரித்த ஆவணக் காப்புக்கால அட்டவணையின்படி ஐந்தாண்டு முடிந்து அழிக்கப்பட்டுவிட்டபடியால், அதில் குறிப்பெழுத வழியில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். கீழே, நிர்வாக அலுவலர் என்ற பதவிக்கு மேல், டேனியலின் கையெழுத்து. அதைத் தபால்காரர் என்னிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனது 2009 ஆகஸ்ட் பதினேழு, திங்கட்கிழமை.